முன்னுதை: கோளாறு பாதத்தில் இல்லை

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "தரம் ஒன்பதில் படிக்கும் மகன் சில மாதங்களாகக் கராத்தே பழகுகிறான். மாலையில் கடற்கரையிலும் உதைத்துப் பார்க்கிறான். முன்னால் உதைத்ததும் பின்னால் சரிகிறான். தொங்கவிட்ட பயிற்சிப் பையில் உதைத்தால் கால் பெருவிரல் நோகிறது; முழங்காலும் வலிக்கிறதாம். எங்கே பிழை?"

முன்னுதையில், அதாவது மாயெ கெரியில், முதலில் எழ வேண்டியது முழங்கால். பெரும்பாலான பிள்ளைகள் பாதத்தை நிலத்திலிருந்து நேரே வீசுகிறார்கள். அப்போது கால் கீழிருந்து மேலாக வளைந்து எழுந்து, இலக்கை உரசிக்கொண்டு போகும்; அந்த வீச்சே உடலையும் பின்னால் இழுத்துவிடும். மடித்த முழங்காலை இடுப்புக்கு மேலே தூக்கி, அது இலக்கைக் காட்டிய பிறகு கீழ்க்காலை விடட்டும். ஊன்றிய காலின் முழங்கால் சற்று வளைந்திருக்க வேண்டும், குதிக்கால் நிலத்தை விட்டு எழக் கூடாது. உதைக்கும்போது இடுப்பும் சிறிது முன்னே செல்ல வேண்டும்.

பெருவிரல் நோவதற்குக் காரணம், விரல் நுனி பையில் படுவது. படவேண்டியது விரல்களின் அடியிலுள்ள தடித்த பகுதி. குதிக்காலை உயர்த்தி நிற்கச் சொல்லுங்கள்: அப்போது பாதம் கொள்ளும் வடிவமே உதைக்கும்போதும் வேண்டும்.

உதைத்த காலை, போன வேகத்திலேயே மடித்து இழுக்கவும் வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காற்றில் உதைக்கும்போது முழங்காலை முழுதாக நீட்டி அடித்து நிறுத்துவது மூட்டுக்குக் கேடு. வலி முழங்கால் சிரட்டைக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் இருந்து, அழுத்தினால் கூடுகிறதென்றால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். வளரும் வயதில், ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே வலி வருவதுண்டு. நுட்பத்தைத் திருத்தினால் மட்டும் அது போகாது.

மணலைப் பற்றி. அலை நனைத்து இறுகிய மணலில் முன்னுதை பழகலாம். மவாஷி கெரி என்னும் சுற்றுதையை அங்கே வேண்டவே வேண்டாம். அதில் ஊன்றிய பாதம் திரும்பியாக வேண்டும். மணல் பாதத்தைப் பிடித்துக்கொண்டால் உடலின் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும்.

உயரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஷோட்டோகான் பாணியில் தொடக்கநிலையினர் பழகும் ஹெய்யான் நிடான் என்னும் கட்டாவிலேயே, அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பிலேயே, முன்னுதை வருகிறது. அங்கும் வயிற்றளவே போதும். தலைக்கு மேலே உதைப்பது படம் பிடிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

வலி இல்லாத நாளில் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக உதைக்கட்டும்: தூக்கி ஒரு கணம், நீட்டி ஒரு கணம், மடித்து ஒரு கணம், பிறகு இறக்குவது. சுவரை விட்டும் தள்ளாடாமல் இதைச் செய்ய வந்த பிறகு பைக்குப் போகலாம்.