பழைய ஹார்டு டிஸ்க் கார்டு: ஜம்பர் சந்தேகங்கள்

கே: எக்ஸ்டி-யில் (1980-களின் ஐ.பி.எம். வகைக் கணினி) இரண்டு எம்.எஃப்.எம். டிஸ்க் (அக்காலக் குறியீட்டு முறையில் எழுதும் ஹார்டு டிஸ்க்) மாட்டினேன். இரண்டின் விளக்கும் சேர்ந்தே எரிகிறது. திரையில் 1701 (ஹார்டு டிஸ்க் பிழை எண்). ஜம்பரை (இரு பின்களை இணைக்கும் சிறு மூடி) எப்படி வைப்பது?

ப: கேபிளில் முறுக்கு (நடுவே சில கம்பிகள் புரட்டப்பட்டிருப்பது) உண்டா இல்லையா என்று எழுதவில்லை. அதைச் சொல்லாமல் ஜம்பரைப் பற்றிக் கேட்பது வீண். நேர் கேபிள் என்றால் முதல் டிஸ்க்குக்கு முதல் செலக்ட் (டிஸ்க்கின் எண்ணைக் குறிக்கும் ஜம்பர் இடம்), அடுத்ததற்கு இரண்டாவது. முறுக்கு இருந்தால் இரண்டுக்குமே இரண்டாவது. நுனியில் இருப்பதுதான் சி டிரைவ். நேர் கேபிளில் ஒரே எண் வைத்தாலும், முறுக்குக் கேபிளில் வெவ்வேறு எண் வைத்தாலும் இரண்டும் ஒரே அழைப்புக்குப் பதில் சொல்லும். சில டிஸ்க்கில் எண் 0-இல் தொடங்கும், சிலவற்றில் 1-இல். அச்சிட்ட எண்ணை நம்பாமல் எத்தனையாவது பின் ஜோடி என்று பாருங்கள். டெர்மினேட்டர் (கேபிள் முடிவுக்கான மின்தடைத் தொகுப்பு) நுனி டிஸ்க்கில் மட்டும் இருக்கட்டும்.

கே: ஃப்ளாப்பி கேபிளும் 34 பின்தானே, அதையே போடலாமா?

ப: கூடாது. ஃப்ளாப்பியில் முறுக்கு 10 முதல் 16 வரை ஏழு கம்பி. ஹார்டு டிஸ்க்கில் 25 முதல் 29 வரை ஐந்து கம்பி, சிவப்புக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம்.

கே: சவுண்டு கார்டு போட்டதும் எக்ஸ்டி-யில் டிஸ்க் தடுமாறுகிறது.

ப: எக்ஸ்டி டிஸ்க் கார்டு (டிஸ்க்கை இயக்கும் அட்டை) ஐ.ஆர்.க்யூ. (கார்டு கணினியை அழைக்கும் தடம்) 5-ஐயும் டி.எம்.ஏ. (நேரடியாக நினைவகத்துக்குத் தரவு அனுப்பும் தடம்) 3-ஐயும் பிடித்துக்கொள்ளும். சவுண்டு கார்டை ஐ.ஆர்.க்யூ. 7-க்கு மாற்றுங்கள். மின் இணைப்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் ஜம்பரில் கை வைக்க வேண்டும்.

கே: பழைய கார்டு செத்துவிட்டது. வேறு கம்பெனிக் கார்டு வாங்கி, ஜம்பர் எல்லாம் சரியாக வைத்தும் டிஸ்க்கைப் படிக்கவில்லை. லோ லெவல் ஃபார்மட் (டிஸ்க்கின் அடிப்படைப் பிரிவுகளையே புதிதாக எழுதுவது) செய்யச் சொல்கிறார்கள். செய்யட்டுமா?

ப: செய்யாதீர்கள். வாரம் தவறாமல் இதே ஆலோசனையை யாரோ கொடுக்க, யாரோ நம்பி முப்பது வருடப் பழைய கோப்புகளை அழித்துவிடுகிறார்கள். டிஸ்க் கெட்டுப்போனதாக நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அது நலமாகவே இருக்கும். ஒவ்வொரு செக்டருக்கு (தரவு எழுதும் சிறு பகுதி) முன்னும் எழுதப்படும் அடையாளத் தலைப்பைக் கார்டு கம்பெனிகள் தத்தம் விருப்பப்படி வைத்தன. ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்காது. சில கார்டுகள் சிலிண்டர் (தட்டின் வட்டத் தடம்), ஹெட் (படிக்கும் முனை) எண்ணிக்கையையே டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவைக்கும். ஜம்பர் எப்படி வைத்தாலும் இது மாறாது.

செய்ய வேண்டியது: செத்த கார்டின் மாடல் எண்ணையும் ரோம் சிப்பின் (கார்டின் நிரலைச் சேமித்த சிப்) மேலுள்ள எண்ணையும் குறித்துக்கொண்டு அதே கார்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகையில் பொருத்தும் எம்.எஃப்.எம். ரீடர் பல கார்டுகளின் வடிவத்தைப் புரிந்துகொண்டு டிஸ்க்கை அப்படியே இமேஜாக (முழு நகல் கோப்பு) எடுக்கும். இமேஜ் கைக்கு வந்த பிறகு ஃபார்மட் பற்றிப் பேசலாம். அப்போதும் டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் பழுதுப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபார்மட்டின்போது அதிலுள்ள ஒவ்வொரு சிலிண்டரையும் ஹெட்டையும் தட்டச்சு செய்தாக வேண்டும். பழைய கார்டின் ஜம்பரை எடுப்பதற்கு முன் படம் பிடித்தீர்களா? இல்லையென்றால் இனியாவது பிடியுங்கள்.

கே: டீபக்கில் (டாஸின் DEBUG நிரல்) கார்டின் ஃபார்மட் நிரலைத் தொடங்க ஜி=சி800:5 அடித்தால் தொங்கிவிடுகிறது.

ப: ஏடி (எக்ஸ்டி-க்கு அடுத்த கணினி வகை) கார்டாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றில் ரோம் கிடையாது. தனி ஃபார்மட் மென்பொருள் வேண்டும். எக்ஸ்டி கார்டுதான் என்றால் ரோம் ஜம்பர் வேறு முகவரியில் இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கே: எஸ்டி-225 டிஸ்க்கை ஆர்.எல்.எல். (எம்.எஃப்.எம்.-ஐவிட நெருக்கமாக எழுதும் முறை) கார்டில் போட்டால் 20 எம்.பி. 30 ஆகுமாமே?

ப: ஆகும், ஆனால் நம்ப முடியாது. பிறகு பிழைகள் தொடங்கலாம். ஆர்.எல்.எல்.-க்குத் தேறியது எஸ்டி-238ஆர்.

கே: இன்டர்லீவ் (அடுத்தடுத்த செக்டர்களை எத்தனை இடம் தள்ளி வைப்பது என்ற எண்) 1 வைத்தேன், முன்பைவிட மெதுவாகிவிட்டது.

ப: உங்கள் கார்டால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்த செக்டரைத் தவறவிட்டால் முழுச் சுற்று, ஏறத்தாழ 17 மில்லி விநாடி, காத்திருக்க வேண்டும். விநாடிக்கு 30 கே.பி.தான் வரும். 3-இல் வைத்தால் சுமார் 170. அதற்கும் மறுபடி லோ லெவல் ஃபார்மட் வேண்டும், ஆகவே முதலில் இமேஜ் எடுங்கள்.