எச்டிஎம்ஐ – டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மாட்டியும் மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்றே வருகிறதே, ஏன்?

கேபிளும் கெடவில்லை, மானிட்டரும் கெடவில்லை. உங்களிடம் இருப்பது எச்டிஎம்ஐ சாக்கெட் மட்டும் உள்ள லேப்டாப், டிஸ்ப்ளேபோர்ட் சாக்கெட் உள்ள பழைய மானிட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை, டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மட்டும். நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். நானும் போனவன்தான்.

2021-இல் ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது 24 அங்குல மானிட்டர் ஒன்றை 3,500 ரூபாய்க்கு எடுத்து வந்தேன். பின்பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், டிவிஐ, விஜிஏ என்று மூன்று சாக்கெட்டுகள் இருந்தன, எச்டிஎம்ஐ இல்லை. என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ தவிர வேறெதுவும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், “எப்படி வேணா மாட்டலாம் சார், ரெண்டு பக்கமும் ஓடும்” என்று ஒரு கேபிளைக் கொடுத்தார். 650 ரூபாய். வீட்டில் மாட்டினால் திரை கறுப்பு. டிரைவரை மாற்றினேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன். திரும்பக் கடைக்குப் போனால், விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று பில்லில் இருந்த வரியைக் காட்டினார்கள்.

விஷயம் இதுதான். கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்து, அதன் பக்கத்தில் ‘++’ குறியும் இருந்தால், எதிரே எச்டிஎம்ஐ இருப்பதைப் புரிந்துகொண்டு அந்த வகை சிக்னலையே அனுப்பிவிடும். சாதாரணக் கேபிள் போதும். எச்டிஎம்ஐ-க்கு அந்த வித்தை தெரியாது. அந்தத் திசைக்குச் சிக்னலையே மாற்றும் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். பெரும்பாலும் யுஎஸ்பி-யிலிருந்து கரண்ட் எடுக்க ஒரு வால் தொங்கும். விலை கூடுதல்தான். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்குப் போனாலும் சிப் வேண்டும். விஜிஏ 1987-இல் வந்த அனலாக் சமாச்சாரம், எச்டிஎம்ஐ டிஜிட்டல்.

“என் வீட்டில் ஒரே கேபிள் இரண்டு பக்கமும் ஓடுகிறதே” என்று யாராவது கருத்துப் பெட்டியில் வருவீர்கள். இரு திசைக்கும் சிப் வைத்த கேபிள்களும் உண்டு, தெரியும். நான் சொல்வது கடையில் சாதாரணமாகத் தருவதைப் பற்றி.

என் கதை முடிந்தது எப்படி என்றால், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மச்சான் வந்து மானிட்டரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். “வெள்ளை சாக்கெட் இருக்கே மாப்ள, அதுல மாட்ட வேண்டியதுதானே?” டிவிஐ! எச்டிஎம்ஐ-யும் டிவிஐ-யும் படத்தை அனுப்புவது ஒரே விதமாகத்தான், எந்தத் திசையிலும் சிப் இல்லாமல் ஓடும். 180 ரூபாய்க் கேபிளில் 1920×1200 பளிச்சென்று வந்தது. சத்தம் வரும் என்று டிவிஐ-யை நம்ப முடியாது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை என்பதால் எனக்குக் கவலையில்லை. உங்கள் மானிட்டரிலும் முதலில் அந்தச் சாக்கெட்டைத் தேடுங்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விசேஷத்திலும், “சாஃப்ட்வேர்ல இருக்காரு, ஒரு வயர் மாட்டத் தெரியல” என்ற பேச்சு. ஐயா, நான் வங்கிக்கு நிரல் எழுதுகிறவன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், டிஷ் ஆன்டெனா திரும்பிவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போனால் மோர் கூடக் கிடையாது.

அந்த 650 ரூபாய்க் கேபிள் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணினியும் எச்டிஎம்ஐ டிவியும் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன்.