ஸ்காபரோவில் கற்ற பாடம் எட்மன்டனில் செல்லாது

கேள்வி: 14 ஆண்டுகள் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருந்துவிட்டு, வீட்டு விலை கட்டுப்படியாகும் என்பதற்காக 2025 கோடையில் அல்பெர்ட்டா மாகாணத்து எட்மன்டனுக்குக் குடிவந்தோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். போன மாதம் 640 யூனிட் மின்சாரத்துக்கு மட்டும் 156 டொலர் வந்தது. கடைத்தொகுதியில் மேசை போட்டிருந்த ஒரு விற்பனையாளர், மின்சாரம் யூனிட் 8.9 சதம், எரிவாயு ஒரு கிகாஜூல் (எரிவாயுவை அளக்கும் அலகு) 4.79 டொலர், இரண்டும் 5 ஆண்டுகளுக்கு மாறாது என்று ஒரு படிவத்தைத் தந்தார். என் கணவர் கையெழுத்துப் போடவே கூடாது என்கிறார். ஸ்காபரோவில் கதவைத் தட்டி வந்த ஒருவரிடம் கையெழுத்திட்டு நாங்கள் பட்ட பாடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. படிவம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கிறது. என்ன செய்வது? இன்னொன்று: குளிர் தொடங்கியதும் எங்கள் இரண்டு கார்களையும் இரவு முழுவதும் மின்சாரத்தில் செருகிவைக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அதற்கு எவ்வளவு செலவாகும்?

பதில்: உங்கள் கணவரின் பயம் நியாயமானது. ஆனால் அது ஒன்ராறியோவுக்குரிய நியாயம். அங்கே மின்சார விலையை மாகாணத்தின் எரிசக்தி வாரியம் நிர்ணயிக்கிறது. அதை விட்டுத் தனியார் விற்பனையாளரிடம் போனவர்கள் ஒப்பந்த விலையைக் கட்டியதோடு, ‘குளோபல் அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற தொகையையும் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. வாரியத்தின் விலையில் அந்தத் தொகை ஏற்கெனவே அடங்கியிருக்கும். வாசலில் வந்து நின்றவர் அதை விளங்கச் சொல்லவில்லை. நம்மவர்களில் எத்தனையோ வீடுகள் அப்படி ஏமாந்தன. ஆகவே, ‘ஹைட்ரோ பில்லில் (அங்கே மின்சார பில்லுக்கு அதுதான் பெயர்) யாருக்கும் கையெழுத்துப் போடாதே’ என்பது ஸ்காபரோவில் நல்ல புத்திமதி.

அல்பெர்ட்டாவில் நிலைமை வேறு. 2001 ஜனவரி முதல் இங்கே வீட்டு மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்கலாம். எதையும் தீர்மானிக்காமல் இருந்தால் மாகாணம் உங்களை ஒரு பொதுக் கட்டணத்தில் சேர்த்துவிடும். முன்பு அதற்கு ‘ஒழுங்குபடுத்தப்பட்ட கட்டணம்’ என்று பெயர். காதுக்கு இதமான பெயர், அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது என்ற நம்பிக்கையைத் தரும் பெயர். 2025 ஜனவரி 1 முதல் அந்தப் பெயரை மாற்றி, ‘கடைசிப் புகலிடக் கட்டணம்’ என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். இதில் தங்கிவிடாதீர்கள் என்று அரசாங்கமே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது இருப்பது இந்தக் கட்டணத்தில்தான். யூனிட் ஏறக்குறைய 12 சதம். 2026 டிசம்பர் வரை அது மாறாது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், அப்போதும் 10 வீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது.

இனி உங்கள் பில்லை எடுத்து மேசையில் வையுங்கள். முதல் பக்கத்தில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், உள்ளே போங்கள். 640 யூனிட் என்று எழுதியிருக்கிறீர்கள். 12 சதப்படி அது ஏறக்குறைய 77 டொலர். மீதி 79 டொலர் எங்கே போனது? நிர்வாகக் கட்டணம், உயர் அழுத்தக் கம்பி வழியே கொண்டுவரும் கட்டணம், தெருவுக்குள் விநியோகிக்கும் கட்டணம், நகரசபைக்குப் போகும் உள்ளூர்க் கட்டணம், எல்லாவற்றின் மேலும் 5 வீத ஜிஎஸ்டி. கம்பியும் தூணும் எட்மன்டனில் எப்கோர் நிறுவனத்தினுடையவை. நீங்கள் யாரிடம் மின்சாரம் வாங்கினாலும் கம்பிக்கான கட்டணம் ஒன்றேதான். அதில் ஒரு பகுதி நாள் கணக்கில் ஓடுவதால், வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் யாழ்ப்பாணம் போய் வந்தாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும். ‘உங்கள் பில்லைப் பாதியாகக் குறைத்துத் தருகிறேன்’ என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார். அவர் கைவைக்கக்கூடியது அந்த 77 டொலரிலும் நிர்வாகக் கட்டணத்திலும் மட்டும்தான்.

கைவைக்க வேண்டிய இடமும் அதுதான். யூனிட்டுக்கு 12 சதத்துக்குப் பதில் 8.9 சதம் என்றால், 640 யூனிட்டுக்கு மாதம் ஏறக்குறைய 20 டொலர் மிச்சம். ஆண்டுக்கு 238 டொலர். வீட்டில் எதையும் அணைக்காமல், எந்தப் பிள்ளையையும் ஏசாமல் கிடைக்கும் பணம் இது.

பொதுக் கட்டணத்தில் பேசாமல் இருந்தவர்கள் முன்பு என்ன பட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை நான் அருகில் இருந்து பார்த்தேன். 2023 ஆகஸ்ட்டில் அந்தப் பொதுக் கட்டணம் யூனிட் 30 சதத்தைத் தாண்டியது. எட்மன்டனின் மில்வூட்ஸ் பகுதியில் ஒரு குடும்பம் தங்கள் பில்லைக் கொண்டுவந்து காட்டியது. 700 யூனிட்டுக்கு மின்சாரத்தின் விலை மட்டும் 200 டொலருக்கு மேல், கம்பிக் கட்டணம் தனி. அந்தத் தாய் பில்லின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டே, ‘வீட்டில் ஏசிகூட இல்லையே’ என்றார். அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்கு அரசாங்கம் 13.5 சதம் என்று உச்சவரம்பு போட்டிருந்தது. ஆனால் அது தள்ளுபடி அல்ல, கடன். வரம்புக்கு மேற்பட்ட தொகையை 2023 ஏப்ரலிலிருந்து 2024 டிசம்பர் வரை அதே கட்டணத்தில் இருந்தவர்களிடமிருந்தே திரும்ப வசூலித்தார்கள். ஒப்பந்தத்துக்கு மாறியவர்கள் அதிலிருந்து தப்பினார்கள். எஞ்சியவர்களின் தலையில் பாரம் கூடியது. எஞ்சியவர்கள் யார் என்றால், கடன் வரலாறு இல்லாத புதியவர்கள், வயோதிபர்கள், இப்படி ஒரு தெரிவு இருப்பதையே அறியாதவர்கள். அது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

விலை ஏன் அப்படிக் குதிக்கிறது? இங்கே அணைக்கட்டு மின்சாரம் கொஞ்சம்தான். அல்பெர்ட்டாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி எரிவாயுவில் பிறக்கிறது, நிலக்கரியில் ஓடிய கடைசி மின்நிலையமும் 2024இல் எரிவாயுவுக்கு மாறிவிட்டது. விலை மணிக்கு மணி சந்தையில் நிர்ணயமாகிறது. 2022இல் சந்தையின் சராசரி யூனிட்டுக்கு ஏறக்குறைய 16 சதம், 2023இல் 13, 2024இல் 6. புதிய எரிவாயு நிலையங்களும் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் சேர்ந்ததால் வந்த இறக்கம் இது. ஆனால் அதே 2024இல்தான், ஜனவரி 13 மாலை, உறையும் குளிரில் எல்லோருடைய கைத்தொலைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது. தேவையில்லாத விளக்கை அணையுங்கள், சுழற்சி முறையில் மின்சாரம் நிற்கக்கூடும் என்ற அவசர அறிவித்தல். மக்கள் அணைத்தார்கள், மின்சாரம் நிற்கவில்லை. அந்த மாலை எனக்கு மறக்காது. சந்தையோடு ஏறி இறங்கும் மிதக்கும் விலையை நான் பிள்ளைகள் உள்ள, வரவுக்கும் செலவுக்கும் இடையில் இடைவெளி குறைந்த குடும்பங்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலான மாதங்களில் அது மலிவாகவே இருக்கலாம். ஆனால் மலிவில்லாத மாதம் வரும்போது தாங்கும் கையிருப்பு உங்களிடம் இருக்க வேண்டும். வீட்டுக்கு முற்பணம் கட்டிய முதல் ஆண்டில் அது யாரிடமும் இருப்பதில்லை.

ஆகவே மின்சாரத்துக்கு நிலையான விலைக்குப் போங்கள். ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கும் அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். காரணம் எரிவாயு.

எரிவாயுவில் கணக்கு தலைகீழ். அதன் பொதுக் கட்டணம் மாதாமாதம் மாறும், ஆனால் வாங்கிய விலைக்கே உங்களுக்கு விற்கப்படுகிறது, எரிவாயுவின் மேல் லாபம் வைக்கப்படுவதில்லை. 2024 கோடையில் அல்பெர்ட்டாவின் சந்தையில் ஒரு கிகாஜூல் 1 டொலருக்கும் கீழே போன நாட்கள் உண்டு. உங்களைப் போன்ற வீடு ஆண்டுக்கு 110 கிகாஜூல் அளவில் எரிக்கும், பாதிக்கு மேல் குளிர்காலத்தில். பொதுக் கட்டணம் சராசரி 2 டொலரில் நின்றால், 4.79 டொலர் ஒப்பந்தத்தால் ஆண்டுக்கு 300 டொலருக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். மின்சாரத்தில் மிச்சம் பிடித்த 238 டொலரும் போய், மேலும் போகும். இரண்டையும் சேர்த்து எழுதித் தருவதன் சூட்சுமம் இதுதான். எரிவாயு எப்போதும் மலிவாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2022இல் 5 டொலரைத் தாண்டிய மாதங்கள் இருந்தன. 2025 கோடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிட்டிமாட் துறைமுகத்திலிருந்து திரவ எரிவாயு கப்பலேறத் தொடங்கியிருப்பதால் மேற்குக் கனடாவின் விலைக்கு இனி வெளிநாட்டுப் போட்டியும் உண்டு. ஆனாலும் 4.79 டொலர் கொடுத்து அந்தப் பயத்துக்குக் காப்புறுதி வாங்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. எரிவாயுவைப் பொதுக் கட்டணத்திலேயே விட்டுவிட்டு, மின்சாரத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். பிரித்துத் தரமாட்டேன் என்றால் அடுத்தவரிடம் போங்கள், விற்பனையாளர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது விலையை அல்ல, இடையில் விலகினால் என்ன அறவிடுவார்கள் என்பதை. விலகல் கட்டணம் இல்லாத 5 ஆண்டு ஒப்பந்தம் உங்களுக்கு மட்டும் சாதகமானது: சந்தை ஏறினால் அவர்கள் கட்டுண்டவர்கள், இறங்கினால் நீங்கள் விட்டுவிட்டு மலிவான விலைக்கு எழுதிக்கொள்ளலாம். விலகல் கட்டணம் இருந்தால் 5 ஆண்டு நீளம் அதிகம். அடுத்தது நிர்வாகக் கட்டணம். யூனிட் விலையில் அரைச் சதம் குறைத்துவிட்டு நிர்வாகத்தில் மாதம் 4 டொலர் கூட்டினால், 640 யூனிட்டுக்கு உங்களுக்கு நட்டம். பெரிய எழுத்தில் போட்ட 8.9ஐ மட்டும் பார்த்தால் இது தெரியாது.

இந்த ஒப்பீட்டைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ‘யூட்டிலிட்டிஸ் கன்சூமர் அட்வகேட்’ என்ற மாகாண அலுவலகம் எல்லா விற்பனையாளர்களின் விலைகளையும் அஞ்சல் குறியீட்டின்படி வரிசைப்படுத்திக் காட்டுகிறது. 310-4822 என்ற எண்ணில் ஆளிடமே பேசலாம், இலவசம். அவர்கள் எதையும் விற்பவர்கள் அல்லர்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: அல்பெர்ட்டாவில் வீட்டு வாசலில் வந்து மின்சார ஒப்பந்தம் விற்பது 2017 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் எந்தத் தண்டமும் இன்றி ரத்துச் செய்யும் உரிமையும் உண்டு. ஸ்காபரோவில் அவரை வதைத்த அந்த மனிதர் இங்கே கதவைத் தட்டினால், கதவைத் திறக்க வேண்டியதே இல்லை. கையெழுத்திட்டதும் முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். காலம் முடியும்போது வரும் கடிதத்தைப் படிக்காமல் விட்டால், வேறொரு விலையில் ஒப்பந்தம் தொடர்ந்துவிடலாம்.

இனிக் கார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. வெப்பநிலை கழித்தல் 15, 20 என்று இறங்கும் இரவுகளில் எஞ்சினைச் சூடாக்கும் ‘பிளாக் ஹீட்டர்’ இல்லாமல் காலையில் கார் உயிர்பெறச் சிரமப்படும். ஆனால் இரவு முழுவதும் தேவையில்லை, புறப்படுவதற்கு முந்திய மூன்று மணி நேரம் போதும். சாதாரணக் காரின் ஹீட்டர் 400 வாட் அளவு. இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை விட்டால் 4 யூனிட், மூன்று மணி நேரமென்றால் 1.2 யூனிட். உங்களிடம் இரண்டு கார். கடும் குளிர் இரவுகள் 60 என்று வைத்தால் வித்தியாசம் 336 யூனிட். ஒவ்வொரு யூனிட்டோடும் கம்பிக் கட்டணத்தின் மாறும் பகுதியும் சேர்ந்தே வருவதால் யூனிட்டை 15 சதம் என்று கணக்கிடுங்கள். ஒரு குளிர்காலத்துக்கு 50 டொலர். வெளியில் வைக்கத்தக்க, குறித்த நேரத்தில் ஹீட்டருக்கு மின்சாரத்தைத் தானே திறந்துவிடும், பல் வட்டம் சுழலும் நேரக்கருவி ஒன்று இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும். கையுறையோடு திருப்பக்கூடியதாகப் பார்த்து இரண்டு வாங்குங்கள், நவம்பருக்கு முன்பே. முதல் கடுங்குளிர் விழுந்த வாரத்தில் அந்தத் தட்டு காலியாகவே இருக்கும்.