அலாரத்தை நிறுத்திவிட்டு மறந்துபோகிறார்

கேள்வி: போன வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் என் கணவருக்குத் தலையில் பலத்த அடி. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடக்கிறார், கதைக்கிறார். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் ஞாபகமில்லை. வலிப்புக் குளிசையை ஒருநாள் மறக்கிறார், இன்னொரு நாள் இரண்டு தரம் எடுக்கிறார். அலாரம் வைத்தால் நிறுத்திவிட்டு மறந்துபோகிறார். கனடாவில் இருக்கிற தம்பி அவரது போனில் ஆறு செயலிகள் போடுவித்திருக்கிறான். அவற்றைப் பார்த்தாலே தலையிடி என்று எரிந்து விழுகிறார். என்ன செய்ய?
— ஒரு சகோதரி, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, அந்த ஆறில் ஐந்தை இன்றைக்கே அழித்துவிடுங்கள். தலையிடி என்று அவர் சொல்வது சாட்டு இல்லை. காயப்பட்ட மூளை சீக்கிரம் களைக்கும். திரை வெளிச்சமும் ஓயாத அறிவித்தல்களும் அதை இன்னும் களைக்கச் செய்யும்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓர் எஞ்சினியர், தலையில் அடிபட்ட தன் மகனுக்காக, நரம்பு உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து பேஜரில் (சின்னச் செய்திகளை வாங்கும் கையடக்கக் கருவி) நினைவூட்டல் அனுப்பும் முறையை உருவாக்கினார். இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழுவினர் அதை 143 பேரிடம் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். பேஜர் கையில் இருந்த வாரங்களில் பெரும்பாலானோர் அன்றாடக் காரியங்களைக் கூடுதலாகத் தவறவிடாமல் செய்தார்கள். அதில் இருந்தது ஒரு பெரிய பொத்தான், ஒரு சின்னச் செய்தி. அவ்வளவுதான்.

உங்கள் அலாரத்தில் அந்தச் செய்திதான் இல்லை. அது அடிக்கிறது, எதற்கென்று சொல்வதில்லை. மகனோ மகளோ இருந்தால் அவர்கள் குரலில் "அப்பா, காலைக் குளிசை, மேசையில இருக்கு" என்று பதிந்து அதையே அலாரச் சத்தமாக வையுங்கள். போனைக் குளிசைப் பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜில் போடுங்கள். குளிசை வாய்க்குள் போன பிறகுதான் அலாரத்தை நிறுத்துவது. முதல் சில கிழமைகள் ஒவ்வொரு தரமும் பக்கத்தில் நின்று, இதே ஒழுங்கில் செய்வியுங்கள். "இப்ப என்ன செய்யவேணும், சொல்லுங்கோ பாப்பம்" என்று சோதிக்க வேண்டாம். இப்படியான மறதியில், ஊகித்துச் சொன்ன பிழையான விடையே மனதில் பதிந்துவிடும். சரியானதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு தரம் எடுப்பதற்கு எந்தச் செயலியையும்விடக் கிழமை நாட்களுக்கு அறை பிரித்த பிளாஸ்டிக் குளிசைப் பெட்டிதான் நல்ல மருந்து. அறை வெறுமையென்றால் எடுத்தாயிற்று. மறந்துவிட்டாலோ கூட எடுத்துவிட்டாலோ நீங்களாகக் கணக்குப் பார்க்காமல் கிளினிக்கில் கேளுங்கள். வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மிஞ்சுகிற ஒரு செயலி கூகுள் கலண்டராக இருக்கட்டும். கலண்டரை அவரோடு பகிர்ந்துவிட்டால், உங்கள் போனில் நீங்கள் போடும் கிளினிக் நாள் அவரது போனிலும் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்யுங்கள். தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று பட்டால் போனையே தூக்கி எறிவார், அதில் பிழையும் சொல்லமுடியாது. மூளையைக் கூர்மையாக்கும் என்று வருகிற விளையாட்டுகள், விரும்பினால் பொழுதுபோக்குக்கு. அவற்றில் கெட்டிக்காரனானால் குளிசை ஞாபகம் வந்துவிடாது.

இன்னொன்று கிளினிக் விஷயம். மணிக்கணக்காகக் காத்திருந்து, டொக்டரோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடம். அங்கே "இப்ப பரவாயில்லை" என்றுதான் வாயில் வரும். வலிப்பு வந்த திகதி, எவ்வளவு நேரம், அன்றைய நித்திரை, தவறிய குளிசை, தலையிடி ஆகியவற்றை அன்றன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள். போனில் எழுதினாலும் சரி, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினாலும் சரி. வலிப்பு வரும்போது வேறு யாராவது வீடியோ எடுத்தால், நீங்கள் வாயால் விபரிப்பதைவிட டொக்டருக்கு அது உதவும். தலையிடி நாளுக்கு நாள் கூடினாலோ, சத்தியும் அசாதாரண நித்திரை மயக்கமும் சேர்ந்தாலோ, எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தம்பியின் மனதையும் முறிக்க வேண்டாம். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். டொரொண்டோவில் சனி இரவென்றால் இங்கே ஞாயிறு காலை, உங்கள் கணவர் களைக்காமல் இருக்கிற நேரம். வீடியோவில் அத்தானோடு கதைத்துக்கொண்டே வருகிற கிழமைக்கான கலண்டரை அவர் நிரப்பித் தரட்டும்.