பதிவில்லாத தரோபிரெட் குதிரையைத் தரோபிரெட் பிரிவில் இறக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காணும் பொங்கலையொட்டித் திருக்கடையூரில் நடக்கும் எல்கைப் பந்தயத்தில் பெரிய குதிரை, சிறிய குதிரை என்று உருவத்தை வைத்தே பிரிக்கிறார்கள். ஓடுகிற குதிரை எந்த இனம் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நம் பகுதிக் குதிரைக்காரர்களுக்கு, ரேஸ் ஓட்டத்துக்குப் பேர்பெற்ற இனமான ‘தரோபிரெட் குதிரைகளுக்கு மட்டும்’ என்று அறிவிக்கப்படும் போட்டிப் பிரிவு குழப்பத்தைத் தருவதில் வியப்பில்லை. அதைப் பற்றி அண்மையில் வந்த கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருவாரூர்): நான்கு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு செவலைப் பெண் குதிரையை வாங்கினேன். ரேஸில் ஓடிய குதிரை என்று தரகர் சொன்னார். பாஸ்போர்ட் (குதிரையின் அடையாள ஏடு) எதுவும் தரவில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும் அசல் தரோபிரெட் என்கிறார்கள். பதிவில்லாத இந்தக் குதிரையைத் தரோபிரெட் பிரிவில் சேர்க்க முடியுமா?

பதில்: தங்கள் குதிரை பதிவில்லாததுதானா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பட்டா தொலைந்த நிலமும் பட்டாவே வாங்காத நிலமும் ஒன்றல்ல என்பது தஞ்சை, திருவாரூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஏடு இருக்கிறது, நகல் கேட்கலாம். பின்னதற்குக் கேட்க எதுவும் இல்லை. குதிரையிலும் இதே கதைதான். அங்கீகாரம் பெற்ற ரேஸ் மைதானத்தில் பதிவில்லாத குதிரையை ஓடவிட மாட்டார்கள். எனவே தரகர் சொன்னது மெய்யானால், தங்கள் குதிரை புனேயில் இயங்கும் இந்திய ஸ்டட் புக் ஆணையத்தின் வம்சாவளிப் பதிவேட்டில் பெயரோடும் தாய் தந்தையோடும் இருந்தாக வேண்டும். காகிதம் மட்டும் கைமாறும்போது எங்கோ விடுபட்டிருக்கிறது. தரகர் சொன்னது பொய்யானால் அது வேறு கணக்கு.

இதைக் கண்டுபிடிக்கும் வழி குதிரையின் கழுத்தில் இருக்கக்கூடும். பதிவு செய்யப்படும் குட்டிகளுக்குக் கழுத்தின் இடப்புறம், பிடரிக்குச் சற்றுக் கீழே, அரிசி மணியளவு மைக்ரோசிப் ஒன்றைச் செலுத்துவது இப்போது உலகெங்கும் உள்ள நடைமுறை. மன்னார்குடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கட்டியிருந்த குதிரை ஒன்றை இப்படிச் சோதித்தது நினைவில் இருக்கிறது. சிப்பைப் படிக்கும் கருவியான ரீடரைக் காதுக்குப் பின்னாலிருந்து திமில் மேடு வரை மெல்ல நகர்த்தினேன்; ஒலி எழவில்லை. உரிமையாளரின் முகம் சுருங்கிவிட்டது. பிடரி மயிரை ஒதுக்கிவிட்டு, நான்கு விரற்கடை இறக்கி இரண்டாம் முறை நகர்த்தியபோது ‘பீப்’ என்றது. திரையில் வந்த 15 இலக்கங்களை அவர் கையிலிருந்த மின்கட்டண ரசீதின் பின்புறம் இருமுறை எழுதிச் சரிபார்த்தோம். சிப் சில நேரம் இடம் நகர்ந்திருக்கும் என்பதால் ஒரே முறை பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. வலப்புறத்தையும் பார்த்துவிட வேண்டும்.

சிப்பில் பெயரோ முகவரியோ இராது, எண் மட்டுமே இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கலாம் (இந்தியாவின் எண் 356), அல்லது 9-இல் தொடங்கினால் சிப் தயாரித்தவரைக் குறிக்கலாம். அந்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் குதிரை யார் என்பது தெரியும். தாங்கள் அந்த எண்ணோடு, குதிரையின் இரு பக்கப் படம், முகத்தின் படம், நான்கு கால்களின் வெள்ளை அடையாளம், சுழிகளின் இடம் ஆகியவற்றையும் சேர்த்து ஆணையத்துக்கு எழுதுங்கள்.

சுழி என்றதும் சிலர் புன்னகைக்கலாம். சரசுவதி மகால் நூலகத்தில் அசுவ சாஸ்திரச் சுவடிகள் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம். எந்தச் சுழி குடியைக் கெடுக்கும், எது வாழவைக்கும் என்று நம் பெரியவர்கள் பட்டியலே வைத்திருந்தார்கள். அந்தப் பலன்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சுழி பிறந்தது முதல் இறப்பது வரை இடம் மாறாது என்பதால், குதிரைப் பாஸ்போர்ட்டில் உள்ள கோட்டுப்படத்தில் நெற்றிச் சுழியும் கழுத்துச் சுழியும் குறிக்கப்படுகின்றன. நெற்றியில் சுட்டியோ காலில் வெள்ளையோ இல்லாத ஒருநிறக் குதிரைக்கு அதுவே முக்கியமான அடையாளம்.

குதிரை யாரென்று தெரிந்த பிறகும், உரிமை மாற்றம் தனி வேலை என்பதை மறக்க வேண்டாம். சிப்பே இல்லை, பழைய பெயரும் தெரியவில்லை என்றால், தரோபிரெட் பிரிவை விட்டுவிட்டுப் பொதுப் பிரிவில் சேருங்கள். தடை தாண்டுதலிலும், குதிரையின் பயிற்சி நடையை மதிப்பிடும் டிரெஸாஜிலும் பொதுப் பிரிவுகளில் இனம் ஒரு தகுதியே அல்ல. தங்கள் குதிரை நன்றாகத் தாண்டினால் அதற்கு அங்கே ஒரு தடையும் இல்லை.

கேள்வி (மயிலாடுதுறை): என் மகள் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் படிக்கிறாள். அங்கே ஒரு வயதான குதிரையைக் குத்தகைக்கு எடுத்துப் பழகுகிறாள். தரோபிரெட் பிரிவில் சேர, போட்டி நடத்துபவர்கள் ஏதோ ஓர் எண் கேட்கிறார்கள். குதிரையின் உரிமையாளரிடம் காகிதம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் கேட்பது பெரும்பாலும் டி.ஐ.பி. (தரோபிரெட் இன்சென்டிவ் புரோகிராம்) எண்ணாக இருக்கும். ரேஸ் ஓட்டம் முடிந்த தரோபிரெட்களுக்கு வேறு பணிகளில் வரவேற்பு இருக்க வேண்டும் என்பதற்காக அங்கே தரோபிரெட் பதிவேட்டை வைத்திருக்கும் அமெரிக்க ஜாக்கி கிளப் 2011-இல் அறிவித்த ஊக்கத் திட்டம் அது. அதன் பிரிவுகளிலும் பரிசுகளிலும் பங்கேற்க, குதிரை ஜாக்கி கிளப்பிலோ அதுபோன்ற வெளிநாட்டுத் தரோபிரெட் பதிவேட்டிலோ பதிவானதாக இருக்க வேண்டும். கவனிக்க: பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, அசல் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதல்ல. ஆகவே காகிதம் இல்லையே என்று மகள் மனம் தளர வேண்டியதில்லை. குதிரையின் பதிவுப் பெயர் தெரிந்தால் போதும்.

பெயரைக் கண்டறிய, அங்கே ரேஸில் ஓடிய பழைய குதிரைகளுக்கு மேலுதட்டின் உட்புறம் குத்தப்பட்டிருக்கும் பச்சை உதவும். ஓர் ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து நான்கு அல்லது ஐந்து இலக்கங்களும் இருக்கும். எழுத்து பிறந்த ஆண்டைக் குறிக்கும். 1997-க்கு ‘ஏ’, 2010-க்கு ‘என்’ என்று வரிசையாகச் செல்லும். 26 ஆண்டுக்கு ஒருமுறை எழுத்துத் திரும்பிவரும் என்றாலும், பல்லைப் பார்த்தால் எந்தச் சுற்று என்பதில் ஐயம் வராது. வயதான குதிரைகளில் மை மங்கி, மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் உறவுப் பெண் ஒருத்திக்குக் காணொளி அழைப்பில் வழிகாட்டியபோது, லாயத்தின் விளக்குகளை அணைக்கச் சொல்லி, உதட்டை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். கடைசி இலக்கம் அப்போதும் பிடிபடவில்லை. அதற்கான சாத்தியங்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் தேடி, நிறமும் கால் வெள்ளையும் ஒத்துப்போன குதிரையைப் பிடித்தோம்.

பச்சை இல்லையென்றால் பதிவு இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. ரேஸ் மைதானம் வரை போனவற்றுக்குத்தான் பச்சை குத்தினார்கள். பதிவாகியும் ஓடாமலே நின்றுபோன குதிரைகள் ஏராளம். 2017 முதல் பிறந்த குட்டிகளுக்குப் பச்சைக்குப் பதிலாகச் சிப்தான். இந்த வழிகளெல்லாம் கைகொடுக்காவிட்டால், ஹன்டர், ஜம்பர் எனப்படும் தடை தாண்டும் போட்டிகளில் பொதுப் பிரிவுகள் அங்கே நிறைய உண்டு; மகள் அவற்றில் தொடரட்டும்.

கேள்வி (கும்பகோணம்): டி.என்.ஏ. சோதனை செய்து குதிரை தரோபிரெட்தான் என்று நிரூபித்துவிட்டால் பதிவு கிடைத்துவிடாதா?

பதில்: கிடைக்காது. இந்தக் கேள்வியை அடிக்கடி சந்திக்கிறேன் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். பதிவேட்டார் செய்யும் சோதனை பெற்றோரை உறுதிப்படுத்தும் சோதனை. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்புகிறோம். ஆய்வகம் குறிப்பிட்ட சில மரபணு இடங்களைப் படிக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் குட்டிக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வந்திருக்க வேண்டும். ‘இன்ன குதிரையும் இன்ன குதிரையும் பெற்றோர்’ என்று நாம் சொன்னால், அது பொருந்துகிறதா இல்லையா என்று அவர்கள் சொல்வார்கள். பெற்றோர் யாரென்றே தெரியாத குதிரையைக் கொடுத்து ‘இது தரோபிரெட்டா?’ என்று கேட்டால் அந்தச் சோதனைக்குப் பதில் சொல்ல வழியில்லை.

இன மூதாதையைக் கணிக்கும் சோதனையும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக ஆய்வகம், குதிரையின் மரபணு எந்த இனங்களுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று மூன்று இனப் பெயர்களைத் தருகிறது. ஆர்வத்துக்குச் செய்து பார்க்கலாம். பதிவுக்கு அது ஆதாரமாகாது. குவார்ட்டர் குதிரைகளிலும் ஐரோப்பிய வார்ம்பிளட் குதிரைகளிலும் தரோபிரெட் இரத்தம் தலைமுறை தலைமுறையாகக் கலந்திருப்பதால், பட்டியலில் முதலில் தரோபிரெட் என்று வருவதை வைத்து முழு இரத்தம் என்று சொல்லிவிட முடியாது.

தரோபிரெட் என்பதே ஏட்டினால் வரையறுக்கப்பட்ட இனம். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று பொலிக்குதிரைகளிடம் ஆண்வழி போய்ச் சேரும் இந்த வம்சத்துக்கு, இங்கிலாந்தில் 1791-இல் பொதுப் பதிவேடு தொடங்கப்பட்டது. இன்றைய விதிப்படி பெற்றோர் இருவரும் ஏட்டில் இருந்தால்தான் பிள்ளை ஏட்டில் ஏறும். வெளியிலிருந்து உள்ளே வர ஒரு சிறு வாசல் உண்டு: பதிவு செய்யப்பட்ட எட்டுத் தலைமுறைக் கலப்பு தொடர்ந்து தரோபிரெட்டோடு நடந்திருக்க வேண்டும்; ரேஸ் ஓட்டத்திலும் தகுதி காட்ட வேண்டும். எளிதில் கடக்கக்கூடிய வாசல் அல்ல அது.

கேள்வி (பட்டுக்கோட்டை): அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய ஆண் குதிரை. அப்பன் ரேஸ் குதிரை, தாய் கத்தியவார் என்ற நாட்டு இனம் என்றார்கள். பாதி தரோபிரெட் என்று சொல்லிச் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. ‘பாதி’ என்று வந்தாலே அது கலப்பினம். கலப்பினத்துக்கென்று பிரிவு இருந்தால் அதில் சேருங்கள். இல்லாவிட்டால் பொதுப் பிரிவு.

கேள்வி (நீடாமங்கலம்): என் பெண் குதிரைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. நண்பரின் பொலிக்குதிரையும் பதிவானதுதான். இரண்டுக்கும் பிறந்த குட்டிக்கு இப்போது மூன்று வயது. அப்போது யாரிடமும் தெரிவிக்கவில்லை. குட்டி தரோபிரெட்தானே?

பதில்: இரத்தத்தால் ஆம், இன்றைய நிலையில் போட்டிப் பிரிவுக்கு இல்லை. இதுதான் சரியான பொருளில் ‘பதிவில்லாத தரோபிரெட்’. பொலிக்குதிரைக்காரர் இனச்சேர்க்கை விவரத்தை உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும், குட்டி ஈன்றதைத் தாய்க்குதிரைக்காரர் தெரிவிக்க வேண்டும், பின்னர் அடையாளமும் டி.என்.ஏ. மாதிரியும் எடுக்கப்பட வேண்டும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே விடுபட்டிருக்கிறது. எனினும் பெற்றோர் இருவரும் உயிரோடு, அடையாளத்தோடு இருப்பதால், தாமதப் பதிவுக்கு வாய்ப்புண்டா என்று இருவரும் சேர்ந்து ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். நண்பரோடு உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. பொலிக்குதிரை விற்றுப் போன பிறகு கையெழுத்துக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதில் ஒரு நிபந்தனையை மாற்றவே முடியாது: சேர்க்கை இயற்கையாக நடந்திருக்க வேண்டும். செயற்கை முறைக் கருவூட்டலிலோ கருமாற்றத்திலோ பிறந்த குட்டியை, பெற்றோர் எத்தனை பெரிய பேர் பெற்றிருந்தாலும், தரோபிரெட் பதிவேடுகள் ஏற்பதில்லை. ஊரில் பசுவுக்குச் சினை ஊசி போடுகிற பழக்கத்தில் குதிரைக்கும் அதைச் செய்துவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

கேள்வி (தஞ்சாவூர்): நாங்கள் சிலர் சேர்ந்து சிறிய அளவில் குதிரைக் காட்சி நடத்த இருக்கிறோம். தரோபிரெட் பிரிவு வைத்தால் விதியை எப்படி எழுதுவது? பார்வையிலேயே தீர்மானிக்கலாமா?

பதில்: பார்வையில் தீர்மானிக்கும் தவற்றை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நடந்த காட்சியில், ‘டாக்டர், நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள்’ என்றார்கள். 62 அங்குல உயரம், மெல்லிய தோல், சாய்ந்த தோள், நீண்ட கழுத்து. ஐயமே எழவில்லை, கையெழுத்திட்டேன். அந்தக் குதிரை முதல் பரிசு வாங்கியது. இரண்டாமிடம் பெற்றவர் மறுவாரம் அதன் பழைய விற்பனைச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். அதன் தாய் ஒரு நாட்டுக் குதிரை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. திண்ணையில் உட்கார வைத்து, மன்னிப்புக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அதற்குப் பிறகு எந்தக் குதிரைக்கும் தோற்றத்தை மட்டும் பார்த்து இனச்சான்று எழுதியதில்லை.

விதியின் சொற்களில் மூன்று நிலைகள் உண்டு, அவற்றைக் குழப்பாதீர்கள். ‘பதிவு செய்யப்பட்ட தரோபிரெட்’ என்று எழுதினால் பாஸ்போர்ட் அல்லது பதிவேட்டோடு ஒத்துப்போகும் சிப் எண் வேண்டும். ‘பதிவுக்குத் தகுதியுள்ள’ என்று எழுதினால் நீடாமங்கலத்துக்காரரின் குட்டியும் உள்ளே வரும். ஆனால் தகுதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதியாக வேண்டும். ‘தரோபிரெட் வகை’ என்று எழுதினால் அது தோற்றப் பிரிவு. நடுவரின் கண்ணே அங்கே முடிவு, யாரும் ஏட்டைக் கேட்க முடியாது. காகிதம் தொலைந்த குதிரைகளே மிகுதியாக உள்ள நம் வட்டாரத்தில், மூன்றாவதை வெளிப்படையாக அறிவித்து நடத்துவதே நேர்மையானது என்பது என் கருத்து. முதல் சொல்லைப் போட்டுவிட்டு மூன்றாவதைப்போல நடத்துவதில்தான் சண்டை வருகிறது.

கேள்வி (நாகப்பட்டினம்): யாரும் சோதிப்பதில்லை என்று சொல்கிறார்களே, பிறகு ஏன் இவ்வளவு கவலை?

பதில்: நுழைவுப் படிவத்தில் தாங்கள் கையெழுத்திடுவது ஓர் உறுதிமொழி. சோதிக்காதபோதும் எதிர்ப்பு மனு வரலாம். பரிசு திரும்பப் பெறப்படலாம். அடுத்த போட்டிகளில் தங்கள் நல்ல குதிரையையும் ஐயத்தோடு பார்ப்பார்கள்.

சோதிப்பதில்லை என்று நம்பி விட்டுவிடக் கூடாத இன்னொரு காகிதமும் உண்டு. குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றி உயிரைக் கொல்லக்கூடியது. அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. பல குதிரைகள் கூடும் இடத்துக்குப் போகுமுன் கால்நடை மருத்துவரிடம் இரத்த மாதிரி கொடுத்து, நோயில்லை என்ற சான்றும் பயணத்துக்கான உடல்நலச் சான்றும் பெற்றுவிடுங்கள். மாதிரி ஹரியானாவின் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் வரை போக நேரலாம் என்பதால், போட்டிக்கு முந்தைய வாரம் வந்து நிற்காதீர்கள்.