நிலையில் மணி மணியாகக் கொட்டுகிறதா? தரையைத் துளைக்காதீர்கள்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பழைய வீட்டின் பலாமரக் கதவு நிலையிலிருந்து தினமும் மணி மணியாக ஏதோ கொட்டுகிறது, தோட்டத்தில் தென்னையிலும் ரப்பரிலும் மண் ஏறியிருக்கிறது. பார்க்க வந்த ஏஜென்ட், எல்லாம் ஒரே கறையான்தான், வீட்டுத் தரை முழுக்கத் துளை போட்டு மருந்து இறக்கணும் என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

கொட்டுவதை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி நைஸாக இருந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு, கறையானே இல்லை. கசகசா அளவில் நறநறவென்று, லென்ஸில் பார்த்தால் ஆறு பட்டையாக இருந்தால் அது உலர்மரக் கறையானின் எச்சம். இந்த வகை மண்ணைத் தேடிப் போவதே இல்லை, அந்தக் கட்டைக்குள்ளேயே குடியிருந்து, அதையே தின்று, அதிலுள்ள கொஞ்ச ஈரத்திலேயே பிழைத்துக்கொள்ளும். அப்புறம் தரையைத் துளைத்து என்ன பயன்? எச்சம் விழும் ஓட்டைக்குள் ஊசியால் மருந்து ஏற்றி, தட்டினால் பொள்ளலாகக் கேட்கும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். பெரும்பாலும் ஓரத்து வெள்ளை மரம்தான் போயிருக்கும், உள்ளே வைரம் பாய்ந்த கட்டை தப்பியிருக்கும்.

மரத்தில் மண் ஏற்றுவது வேறு இனம். மண்ணுக்குள் கூடு கட்டி, காய்ந்த பட்டையையும் சருகையும் தின்று, அதைக் கொண்டே கூட்டுக்குள் பூஞ்சை வளர்க்கிறது. மழைக்குப் பிறகு நாம் பறித்துச் சமைக்கிற புற்றுக்காளான் அங்கிருந்து முளைப்பதுதான். ரப்பரில் அந்த மண்ணைச் சுரண்டிவிட்டு லேசாகக் கீறுங்கள், பால் வரும். வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் தென்னங்கன்று அப்படியில்லை, இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக நட்ட கன்றில் முதலில் தேங்காயின் நார் மட்டையைத் தின்னும், பிறகு உள்ளே ஏறும், நடுக்குருத்து வாடுவது நம் கண்ணில் படும்போது காரியம் கைமீறியிருக்கும். மக்காத சாணத்தைக் குழியில் போடாதீர்கள், அதுவே கறையானை அழைக்கும். நட்ட முதல் வருஷம் வாரம் ஒருமுறை அடியைக் கிளறிப் பாருங்கள்.

தரைத் துளை தேவைப்படுவது, சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் மட்டும். அப்போதும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி வாங்கிய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். உரிமம் கொடுத்ததோடு சரி, வீடு வீடாக எதைக் கலக்குகிறார்கள் என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை, அதனால்தான் பத்து வருஷ கேரண்டி என்று ஒரு தாளை நீட்டிவிட்டு அடுத்த வருஷம் போனை எடுக்காமல் இருக்க முடிகிறது. நம் ஊரில் பல வீடுகளில் அடுக்களைச் சுவரை ஒட்டியே கிணறு இருக்கும். கிணறு எவ்வளவு தூரம் என்று கேட்காமலே துளை போட வருகிறவரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்.