நாற்பது மில்லி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மாவுக்கு வயது 61. குளிர்காய்ச்சலுக்கு முதலில் ஒரு சிறிய மருத்துவமனையில் கழுத்து ரத்தக்குழாயில் லைன் (மருந்து ஏற்றும் குழாய்) போட்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். பிறகு இரக்கத்தோடு இரண்டு மில்லி ரத்தம் மட்டும் எடுத்து ‘கிருமி இல்லை’ என்று ரிப்போர்ட் தந்தார்கள். காய்ச்சல் விடாததால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே தொற்றுநோய்ப் பிரிவிலிருந்து ஒரு பேராசிரியரும் நான்கு இளம் மருத்துவர்களும் வந்தார்கள். வந்ததும் நாற்பது மில்லி ரத்தம்! ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி என்றார்கள். லைனை எடுத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெரிய மருந்துகளை நிறுத்திவிட்டு செஃபசோலின் என்ற பழைய மருந்தைக் கொடுக்கிறார்கள். மறுபடி ரத்தம், இதயத்துக்கு எக்கோ, ஆராய்ச்சிக்கு ஒரு கையெழுத்து. காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது. வீட்டுக்குக் கூட்டிப்போய் மாத்திரை கொடுத்தால் போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது நிம்மதி. கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாற்பது மில்லி பெரிதாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு மில்லி எடுத்ததை இரக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. அது இரக்கமில்லை, அரைவேலை. பிளட் கல்ச்சரைப் பற்றி, அதாவது ரத்தத்தைப் புட்டியில் ஊற்றிக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பற்றி, கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் அங்கேயே வந்து தொட்டுவிட்டது.

சர்க்கரை ரத்தம் முழுக்கச் சமமாகக் கரைந்திருக்கும், ஒரு சொட்டே போதும். கிருமி அப்படியல்ல. உயிரைப் பறிக்கிற தொற்று ஓடும்போதும் பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு பாக்டீரியா கூட இல்லாமலிருப்பது சாதாரணம். ஐந்து மில்லிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லி எடுத்தால் மூன்று தடவையில் இரண்டு தடவை சிரிஞ்சுக்குள் ஒன்றுமே வராது. நாற்பது எடுத்தால் எட்டு வரும். அதுவும் மூன்று நாள் ஆன்டிபயாடிக் போன பிறகு எடுத்த இரண்டு மில்லி! அந்த ரிப்போர்ட்டுக்கு ‘கிருமி இல்லை’ என்று பொருளில்லை, ‘தேடவில்லை’ என்று பொருள். மருந்து தொடங்குமுன் எடுத்திருக்க வேண்டும். அதிர்ச்சி நிலையில் இருக்கும் நோயாளிக்குக்கூட முதலில் ரத்தம், உடனே மருந்து. கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. தேர்ந்த கைக்கு இரண்டும் சேர்ந்து சில நிமிட வேலை.

ஒரு செட் என்றால் இரண்டு புட்டி: காற்றுள்ளதில் வளரும் கிருமிக்கு ஒன்று, காற்றில்லாததில் வளர்வதற்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லி. இரண்டு வேறு இடங்களில் குத்தி இரண்டு செட். இதுதான் உங்கள் நாற்பது. உடம்பில் ஓடும் ரத்தத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. புட்டிக்குள் வெற்றிடம் இருப்பதால் அது கேட்பதற்கு மேலும் இழுக்கும். அதனால் குத்துவதற்கு முன்பே பத்து மில்லி ஏறும் இடத்தில் லேபிளில் பேனாவால் கோடு போட்டுக்கொள்வார்கள். கிருமி வளர்ந்தால் வரும் கரியமில வாயுவைக் கண்டுதான் புட்டியைக் கவனிக்கும் கருவி சிக்னல் கொடுக்கும். அளவு மீறினால் ரத்த வெள்ளணுக்கள் விடும் வாயுவையே அது கிருமியென்று எண்ணிவிடும். பட்டர்ஃபிளை ஊசியானால் காற்றுப் புட்டி முதலில், குழாயில் இருக்கும் காற்று அதற்குள் போகட்டும். ரத்தம் குறைவாகத்தான் வந்தாலும் அதற்கே முதல் பங்கு.

தோலைத் துடைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் முப்பது வினாடி அழுத்தித் தேய்த்து, அது தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஊதக் கூடாது, விசிறக் கூடாது, காய்ந்த இடத்தில் நரம்பைத் தேடி மறுபடி விரலை வைக்கக் கூடாது. புட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே ரப்பர் இருக்கும், அது கிருமிநீக்கம் செய்யப்பட்டதல்ல, அதையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இதில் ஒன்று தவறினால் தோலில் குடியிருக்கும் கிருமி புட்டியில் வளரும். இரண்டு இடத்தில் எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தோல் கிருமி நான்கு புட்டிகளில் ஒன்றில் மட்டும் முளைத்தால் பெரும்பாலும் அழுக்கு என்று தள்ளிவிடலாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை மட்டும் ஒரே புட்டியில் வந்தாலும் தள்ளக் கூடாது.

லைன் இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. லைனிலிருந்து ஒரு செட், கையிலிருந்து ஒரு செட், ஒரே நேரத்தில், ஒரே அளவில். லைன் புட்டி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு சிக்னல் கொடுத்தால் கிருமியின் கூடு லைனில்தான். ஒன்றில் பத்து, மற்றதில் மூன்று என்று ஊற்றினால் இந்தக் கணக்கே பாழ். அளவு, அளவு என்று நான் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

நான்கு இளம் மருத்துவர்கள் ஏன் நின்றார்கள்? கற்றுக்கொள்ள. ஆராய்ச்சிக் கையெழுத்து உங்கள் விருப்பம். மறுத்தாலும் சிகிச்சை மாறாது, மாறக் கூடாது.

ஆனால் மருத்துவரும் ஆராய்ச்சியாளரும் ஒரே ஆளாக இருப்பதைச் சந்தேகிக்காதீர்கள். அம்மாவின் கிருமிக்குப் பெயர் வைத்தவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர். சீழ்க் கட்டிகளைக் கீறுவதோடு நிறுத்தாமல், வீட்டுக்குப் பின்னால் ஆய்வுக்கூடம் அமைத்து அந்தச் சீழை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர். 1880-இல் கண்டதை வெளியிட்டார், 1882-இல் திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார். இன்றும் கல்ச்சர் புட்டி சிக்னல் கொடுத்ததும் ஒரு சொட்டைச் சாயமேற்றிப் பார்த்து, குலை குலையாகத் தெரிந்தால் உடனே வார்டுக்குப் போன் செய்கிறார்கள்.

பழைய மருந்து என்று முகம் சுளித்திருக்கிறீர்கள். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்குகிற ஆரியஸை செஃபசோலின் வேகமாகக் கொல்லும், வான்கோமைசின் என்ற பெரிய மருந்து மெதுவாகத்தான் கொல்லும். பல வகைக் கிருமிகளையும் தாக்கும் பரந்த மருந்து என்பது கிருமியின் பெயர் தெரியாத நேரத்துக்கு. பெயர் தெரிந்த பிறகும் அதையே ஓட்டினால் குடலிலுள்ள மற்ற கிருமிகளுக்கு எதிர்ப்புச் சக்தியைப் பழக்குகிறோம். மருந்தை மாற்றியவர் அம்மாவுக்கு நல்லதுதான் செய்தார். இந்தக் கிருமி ரத்தத்தில் வந்தவரைத் தொற்றுநோய் மருத்துவர் நேரில் வந்து பார்த்தால் இறப்பு குறைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அவர் செய்வதெல்லாம் நீங்கள் சலித்துக்கொண்ட இந்த வேலைகள்தான்.

வீட்டுக்கு இப்போது வேண்டாம். காய்ச்சல் விட்டாலும் ஆரியஸ் இதய வால்விலோ முதுகெலும்பிலோ சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், எக்கோவும் மறு கல்ச்சரும் அதற்காகத்தான். எல்லாம் சாதகமாக இருந்தாலும் குறைந்தது 14 நாள் ஊசி, எங்காவது ஒட்டியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம். இடையில் மாத்திரைக்கு மாறலாமா என்பதை அம்மாவைப் பார்க்கிற அவர்களே சொல்ல வேண்டும். நாள் எண்ணுவது மருந்து தொடங்கிய நாளிலிருந்து அல்ல, கிருமி வளராத முதல் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து. நாளை ரவுண்ட்ஸில் அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் புட்டிகளில் எத்தனை மில்லி போனது என்றும் கேளுங்கள்.